மறுவடிவம் பெற்ற குடும்ப செடான்: எது மாறியது, யாருக்கு அது தேவை?

விற்பனைக்கூடத்தில் புதிய வடிவில் நிற்கும் ஒரு செடானை, அதாவது நான்கு கதவுகளும் பயணிகள் அறையிலிருந்து பிரிக்கப்பட்ட சாமான் பெட்டியும் கொண்ட காரை, வாங்கலாமா என்று தீர்மானிப்பவர் முதலில் அறிய வேண்டியது அதில் எது மாறியிருக்கிறது என்பதையே. விளம்பரங்கள் எல்லா மாற்றங்களையும் ஒரே குரலில் அறிவிப்பதால், முகப்பு விளக்கின் வடிவம் மாறியதும் காரின் எலும்புக்கூடே மாறியதும் வாங்குபவருக்கு ஒரே அளவு முக்கியமானவையாகத் தோன்றுகின்றன. ஆனால் தவணை கட்டி முடிக்கும்வரை அந்தக் காரோடு வாழப்போகும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

மாற்றங்களை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பது இந்தக் குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும். மேலடுக்கில் இருப்பது தோற்றம்: விளக்குகள், பம்பர், சக்கர வளையம், இருக்கைத் துணி ஆகியவை. ஒரு மாடல் சந்தைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து விற்பனை சோர்வடையும்போது நிறுவனங்கள் செய்யும் இத்தகைய முகமாற்றத்தை வியாபாரிகள் 'ஃபேஸ்லிஃப்ட்' என்பார்கள். அதற்குக் கீழே இருப்பது கருவிகளின் அடுக்கு: திரை, கேமரா, காற்றுப்பைகள், முன்னால் செல்லும் வாகனத்தைக் கவனித்துத் தானாகவே பிரேக் போடும் அமைப்பு போன்றவை. ஹோண்டா சிட்டி 2023-ஆம் ஆண்டில் பெற்ற முகமாற்றம் இந்த அடுக்குக்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாவிட்டாலும், அதுவரை சில வகைகளில் மட்டும் கிடைத்துவந்த ஓட்டுநர் உதவித் தொகுப்பு அப்போதுதான் மலேசியாவில் விற்கப்படும் எல்லா வகைகளுக்கும் பொதுவாயிற்று. அடியடுக்கில் இருப்பவை பொறியும் கியர்ப்பெட்டியும் அடித்தளமும். அடித்தளம் என்பது காரின் தரைச் சட்டகம், சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, மோதலின் விசையைத் தாங்கும் உலோகக் கூடு ஆகியவை சேர்ந்த அமைப்பு; இது மாறினால்தான் கார் உண்மையில் வேறு காராகிறது.

மலேசியச் சந்தையில் அண்மைக் காலத்தில் அடித்தளம்வரை மாறிய குடும்ப செடானுக்கு டொயோட்டா வியோஸைச் சொல்லலாம். 2023 மார்ச்சில் இங்கு அறிமுகமான அதன் புதிய தலைமுறை, சிறு கார்களுக்காக டைஹாட்சு நிறுவனம் உருவாக்கிய டிஎன்ஜிஏ என்னும் அடித்தளத்தின் மீது கட்டப்பட்டது. அறிமுகத்தின்போது விலை, காப்புறுதி நீங்கலாக, கீழ் வகைக்கு 89,600 ரிங்கிட்டாகவும் மேல் வகைக்கு 95,500 ரிங்கிட்டாகவும் இருந்தது. இவ்வளவு மாறிய காரின் அளவுப் பட்டியலை முந்தைய வியோஸின் பட்டியலோடு அருகருகே வைத்துப் படிப்பவர் சற்று வியப்படையக்கூடும். 107 குதிரைத்திறன் 106 ஆகக் குறைந்திருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை 140 நியூட்டன் மீட்டரிலிருந்து 138 ஆகியிருக்கிறது. காற்றுப்பைகள் ஏழிலிருந்து ஆறாகியிருக்கின்றன. சாமான் பெட்டியின் கொள்ளளவு 506 லிட்டரிலிருந்து 475 லிட்டருக்கு இறங்கியிருக்கிறது. காரின் மொத்த நீளம் அதே 4,425 மி.மீ. ஆனால் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 2,550 மி.மீட்டரிலிருந்து 2,620 ஆக, 70 மி.மீ. கூடியிருக்கிறது.

இந்த எண்களைச் சேர்த்துப் படித்தால்தான் வடிவமைப்பாளரின் நோக்கம் புலப்படும். அதே நீளத்துக்குள் சக்கரங்களைக் காரின் இரு முனைகளை நோக்கித் தள்ளியதால் பின்னிருக்கையில் கால் வைக்கும் இடம் கூடியிருக்கிறது, அதற்கு விலையாகச் சாமான் பெட்டியில் ஒரு பகுதி போயிருக்கிறது. ஆகவே வயதான பெற்றோரைப் பின்னிருக்கையில் அடிக்கடி அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இந்த மாற்றம் ஆதாயம். சந்தைப் பொருள்களையும் சிற்றுண்டிக் கடைக்கான பாத்திரங்களையும் நாள்தோறும் ஏற்றி இறக்கும் குடும்பத்துக்கு அதே மாற்றம் ஓர் இழப்பு. பெட்டியின் கொள்ளளவே முதன்மை என்று கருதுபவருக்கு, 2016-இல் அறிமுகமாகி 2020-இல் முகமாற்றம் பெற்ற பெரோடுவா பெஸ்ஸா, வியோஸைவிடச் சிறிய காராக இருந்தும் 508 லிட்டர் தருகிறது என்பது யோசிக்கத்தக்க செய்தி. புதியது பழையதைவிட எல்லா வகையிலும் மேம்பட்டிருக்கும் என்ற எதிர்பார்ப்பை விற்பனைக்கூடத்தின் வாசலிலேயே விட்டுவிட்டுச் செல்வது நல்லது.

இதற்கு நேர்மாறான படிப்பினையைத் தருவது புரோட்டோன் சாகாவின் வரலாறு. 1985 ஜூலையில் வெளிவந்த இந்த முதல் தேசியக் காருக்குப் பினாங்கோடு ஒரு தொடர்பு உண்டு; அதே ஆண்டு ஆகஸ்டில் பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில் அன்றைய பிரதமர் மகாதீர் பாலத்தைக் கடந்தது ஒரு சாகாவில்தான். 2008-இல் இரண்டாம் தலைமுறையும் 2016-இல் மூன்றாம் தலைமுறையும் வந்தன. இடையில் 2011-இல், பஞ்ச் நிறுவனத்தின் சிவிடி கியர்ப்பெட்டி சாகாவில் இடம்பெற்றது. சிவிடி என்பது பல் சக்கரங்களுக்குப் பதிலாக இரு கப்பிகளுக்கு இடையே ஓடும் பட்டையைக் கொண்டு, படிப்படியாக மாறாமல் தொடர்ச்சியாகக் கியர் விகிதத்தை மாற்றும் அமைப்பு. நகர நெரிசலில் இது மென்மையாக இயங்குமெனினும், சாகாவில் இருந்தது இரைச்சலுக்குப் பெயர் பெற்றது. 2019-ஆம் ஆண்டு முகமாற்றத்தில் புரோட்டோன் அதை நீக்கிவிட்டு ஹியூண்டாயின் நான்கு விகிதத் தானியங்கி கியர்ப்பெட்டியைப் பொருத்தியது. அந்த ஆண்டின் விளம்பரப் படங்களில் முன்பக்கக் கிரில்தான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் வாங்குவதற்குத் தகுந்த காரணமாக இருந்தது யார் கண்ணுக்கும் படாத அந்தக் கியர்ப்பெட்டியே. 2018-இல் அவசரப்பட்டு வாங்கியவரும் 2019-இல் பொறுத்து வாங்கியவரும் ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள காரை ஓட்டிக்கொண்டு, வேறு வேறு அனுபவத்தைப் பெற்றார்கள்.

2025 நவம்பரில் சாகா மீண்டும் மறுவடிவம் பெற்றது. பழைய 1.3 லிட்டர் பொறி நீங்கி, 120 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் கொண்ட 1.5 லிட்டர் பொறி வந்திருக்கிறது. அறிமுக விலை 38,990 ரிங்கிட்டில் தொடங்கியது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் 2016-ஆம் ஆண்டுச் சாகாவின் சாயல் மாறாமலே இருக்கிறது. முன்னர் 95 குதிரைத்திறனோடு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பினாங்கின் ஆயர் ஈத்தாமிலிருந்து மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு இந்தக் கூடுதல் விசையின் மதிப்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொறி பெரிதானதால் சாலை வரி ஏறுமே என்ற கவலைக்கும் இடமில்லை: தீபகற்ப மலேசியாவில் தனியார் செடானுக்கு 1,201 முதல் 1,400 சி.சி. வரை ஆண்டுக்கு 70 ரிங்கிட், 1,401 முதல் 1,600 சி.சி. வரை 90 ரிங்கிட். வரி உண்மையில் தாவுவது 1,600 சி.சி.க்கு மேல்தான், 1,798 சி.சி. பொறியுள்ள செடானுக்கு 279 ரிங்கிட் 20 காசு கட்ட வேண்டும். சி.சி. என்பது பொறியின் உருளைகள் உள்ளிழுக்கும் மொத்தக் கன அளவு. வரி இந்த அளவை மட்டும் பார்க்கிறதே தவிர விசையைப் பார்ப்பதில்லை என்பதால், 1.5 லிட்டர் டர்போ பொறிகள் மிகுந்த விசையோடு அதே 90 ரிங்கிட்டில் அடங்கிவிடுகின்றன.

முதல் ஆண்டுக் கார்

அடித்தளமோ பொறியோ கியர்ப்பெட்டியோ மாறியிருந்தால், வெளிவந்த உடனே வாங்குவதா அல்லது ஓராண்டு பொறுப்பதா என்ற கேள்வி எழுகிறது. புதிய தொழிற்சாலை வரிசையில் வெளிவரும் முதல் கார்களில் கதவின் பொருத்தம், மென்பொருளின் தடுமாற்றம், உட்புறச் சத்தம் போன்ற சிறு குறைகள் தென்படுவதும், அடுத்த மாதங்களில் நிறுவனம் அறிவிப்பின்றியே அவற்றைத் திருத்திக்கொள்வதும் உலகெங்கும் உள்ள வழக்கம். உத்தரவாதம் இருக்கிறது என்பது உண்மைதான். டொயோட்டா மலேசியாவில் கிலோமீட்டர் வரம்பின்றி ஐந்து ஆண்டுகளும், புரோட்டோன் ஐந்து ஆண்டுகள் அல்லது 1,50,000 கிலோமீட்டரும் தருகின்றன. ஆனால் உத்தரவாதம் செலவை ஈடுகட்டுமே தவிர, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு பணிமனையில் காத்திருக்கும் நேரத்தை ஈடுகட்டாது.

வியோஸின் முதல் ஆண்டில் நடந்தது இதைவிடப் பெரியது. 2023 ஏப்ரல் இறுதியில் டைஹாட்சு நிறுவனம், அதே கார் உள்ளிட்ட சில மாடல்களின் பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய வாகனங்களில் கதவின் உட்பலகை, விற்பனைக் காரில் உள்ளதுபோல் அல்லாமல், முறைகேடாக மாற்றியமைக்கப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. டிசம்பரில் வெளியான தனி விசாரணைக் குழுவின் அறிக்கை 64 மாடல்களில் 174 முறைகேடுகள் நடந்திருப்பதைக் காட்டியது. மறுசோதனைகள் செய்யப்பட்டன; வாகனத்தை ஓட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. இதிலிருந்து வியோஸ் ஆபத்தான கார் என்ற முடிவுக்கு வருவது நியாயமாகாது. ஆயினும் முதல் மாதத்தில் முன்பணம் கட்டியவருக்கு, தாம் வாங்கிய பொருளைப் பற்றிய முக்கியமான செய்தி பின்னரே கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. பழைய கார் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும் குடும்பம் ஓராண்டு பொறுப்பதால் இழப்பது மிகக் குறைவு. பெறுவது இத்தகைய தகவல்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நட்சத்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தென்கிழக்காசியக் கார்களை மோதவைத்து மதிப்பிடும் ஆசியான் என்கேப் திட்டத்தை மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான மைரோஸ் நடத்துகிறது. ஐந்து நட்சத்திரம் என்ற தகவலோடு அது எந்த ஆண்டின் விதிமுறைப்படி தரப்பட்டது, காரின் எந்த வகைக்குத் தரப்பட்டது என்ற இரண்டையும் கேட்க வேண்டும். விதிமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் சமமல்ல. தானாகப் பிரேக் போடும் வசதி மேல் வகையில் மட்டும் இருந்து, குடும்பம் வாங்கப்போவது கீழ் வகையாக இருந்தால், விளம்பரத்திலுள்ள நட்சத்திரம் பாதிதான் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம்.

பினாங்குச் சாலையில் சோதனை

விற்பனைக்கூடங்கள் சோதனை ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் பாதை பெரும்பாலும் சமதளமாகவும் குறுகியதாகவும் விற்பனையாளருக்கு வசதியாகவும் இருக்கும். பத்து நிமிடத்தில் முடியும் அந்த ஓட்டத்தில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். வாங்குபவர் தம் அன்றாடப் பாதையைத் தாமே முன்மொழிய வேண்டும். ஓட்டுநர் மட்டுமின்றிக் குடும்பத்தில் வழக்கமாகப் பயணிப்பவர் அனைவரும் உடன் ஏற வேண்டும். தனியாளாக ஓட்டிப் பார்த்த கார் ஐந்து பேரோடு வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலோர் வாங்கிய பிறகே கண்டுகொள்கிறார்கள்.

பினாங்குத் தீவின் நடுவே மலைத்தொடர் இருப்பதால் ஏற்றம் முதலாவது சோதனை. பாலிக் புலாவுக்குச் செல்லும் துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் ஏறும்போது, சிவிடி கொண்ட காரில் பொறியின் சுழற்சி ஒரே உயரத்தில் நின்றுகொண்டு இரைவதையும், வேகம் அதற்கேற்ப உடனே கூடாததையும் கேட்கலாம். இது பழுதல்ல, அமைப்பின் இயல்பு, ஆனால் அந்தச் சத்தத்தோடு வாழ முடியுமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. புதிய வியோஸில் உள்ள இருமுறைச் சிவிடி, அதிக வேகத்தில் பட்டையோடு பல் சக்கரங்களையும் சேர்த்துக்கொண்டு பொறியின் சுழற்சியைக் குறைக்கும் வகையில் அமைந்தது. அதன் பயன் மலையில் அல்ல, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில்தான் தெரியும். இறக்கத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கியர் நெம்புகோலைத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்தால் பொறியே காரைப் பிடித்து நிறுத்துகிறதா, அல்லது கீழே வரும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து மிதிக்கப்பட்ட பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ குடியிருந்து தீவில் வேலை பார்ப்பவருக்கு மலையைவிடப் பாலமே முக்கியம். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலத்தில் காலை நேரத்தில் நகர்ந்து நின்று, நின்று நகரும் வரிசையில் குதிரைத்திறன் எதற்கும் பயன்படாது. பயன்படுபவை மூன்று சிறு வசதிகள்: நின்ற இடத்தில் காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு, முதுகுக்கு ஏற்ற இருக்கை, முன்னால் செல்லும் காரின் வேகத்துக்கேற்ப வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. கடைசியாகச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. சில கார்களில் இது குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே துண்டித்துக்கொள்ளும், சிலவற்றில் கார் முழுதும் நிற்கும்வரை வேலை செய்யும். பட்டியலில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பெயர்தான் இருக்கும். நெரிசலில் உதவுவது இரண்டாம் வகை மட்டுமே. முதல் வகைக்காக மேல் வகைக் காருக்குப் பல ஆயிரம் ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பவர், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலத்தில் செல்பவராக இருந்தால் ஒழிய, அதன் பயனை அரிதாகவே காண்பார்.

ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் வேறு கேள்விகளைக் கேட்கின்றன. லெபோ குயின், லெபோ பாசார் போன்ற கடைத்தெருக்களில், ஐந்தடிப் பாதையின் தூணுக்கும் அடுத்த காருக்கும் நடுவே நிறுத்திவிட்டு, எண்பது வயதுப் பாட்டி இறங்கும் அளவுக்குப் பின்கதவு திறக்கிறதா என்பதை அளவுப் பட்டியல் சொல்லாது. புதிய வடிவங்களில் கூரை பின்னோக்கிச் சரிந்து இறங்குவது இப்போதைய பாணியாக இருப்பதால், கதவின் மேல்விளிம்பு தாழ்ந்து, முதியோர் குனிந்து ஏற வேண்டியிருக்கிறது; அழகுக்காகச் செய்யப்பட்ட இந்த மாற்றத்தின் தண்டனையை அனுபவிப்பவர்கள் காரைத் தேர்ந்தெடுப்பவர்களாக இருப்பதில்லை. இருக்கையின் உயரம், கதவுப் படியின் அகலம், பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி ஆகியவற்றைப் பாட்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டார் தங்கள் குழந்தை இருக்கையையும் எடுத்துச் செல்வது நல்லது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் அது கட்டாயம். ஐசோஃபிக்ஸ் எனப்படும் உலோகக் கொக்கிகளில் அதைப் பொருத்திய பின் பின்னிருக்கையில் இன்னும் இருவர் உட்கார இடம் இருக்கிறதா என்பது வரைபடத்தைப் பார்த்து ஊகிக்கக்கூடியதல்ல. பட்டியலில் காணும் அகலம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு என்பதையும், பழைய அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடத் தூண்கள் இன்றைய கார்களின் அகலத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குளிரூட்டியைச் சோதிக்க உகந்த நேரம் மதியம் இரண்டு மணி. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் ஏறி, பின்னிருக்கையில் எத்தனை நிமிடத்தில் குளிர்ச்சி வருகிறது என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பின்பக்கத்துக்குத் தனிக் காற்றுத்துளை இல்லாத செடான்கள் இந்தச் சோதனையில் தடுமாறும்.

மழையைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையில் தீவின் பல பகுதிகளோடு அங்கே நின்ற கார்களும் மூழ்கின, ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான இடங்களில் சாதாரண மழைக்கும் நீர் தேங்கும். புதிய கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கூடியிருப்பதால், தரைவிரிப்புவரை ஏறும் நீர்கூடப் பழைய காரில் விளைவித்ததைவிடப் பெரிய செலவை வைக்கும். காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும், பொறி காற்றை உள்ளிழுக்கும் குழாய் முன்பக்கத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். அதைவிட முக்கியமாக, வழக்கமான முழுமைக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்குவதில்லை. இயற்கைப் பேரிடர்களுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனிச் சந்தா கட்டிச் சேர்க்க வேண்டும். முன்கண்ணாடிக்கும் அதேபோல்தான்.

கணக்கு

விலைப் பலகையில் காணும் தொகை குடும்பம் கொடுக்கப்போகும் தொகை அல்ல. பெரும்பாலோர் பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதியை வாடகைக் கொள்முதல் கடனில், அதாவது கடன் தீரும்வரை வாகனத்தின் உரிமை வங்கியிடமே இருக்கும் ஏற்பாட்டில் வாங்குகிறார்கள். இதில் நீண்டகாலமாக வழங்கிவந்த முறை நிலையான வட்டி விகிதம்; அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாளின் முழு அசலுக்கே கணக்கிடப்பட்டது. வியோஸின் அறிமுக விலையான 89,600 ரிங்கிட்டில் 80,640 ரிங்கிட்டை ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்து ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால், வட்டி மட்டும் 21,773 ரிங்கிட்டாகும், மாதத் தவணை ஏறத்தாழ 948 ரிங்கிட். அதே கடனை ஐந்து ஆண்டில் அடைத்தால் வட்டி 12,096 ரிங்கிட்டாகக் குறையும், தவணை 1,546 ரிங்கிட்டுக்கு உயரும். காகிதத்தில் 3 விழுக்காடாகத் தோன்றும் அந்த ஒன்பதாண்டுக் கடனைக் குறையும் அசலின் மீது கணக்கிட்டால் அது உண்மையில் 5.5 விழுக்காட்டுக் கடன். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள விகிதம் எந்த முறைப்படியானது என்று கேட்காமல் இரு வங்கிகளை ஒப்பிடுவது வீண்.

ஒன்பதாண்டுத் தவணையின் இன்னொரு சிக்கல் நடுவில்தான் வெளிப்படும். மேற்கண்ட கடனில் ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் ஏறத்தாழ 41,000 ரிங்கிட் பாக்கி நிற்கும். அப்போதுதான் உத்தரவாதமும் முடிகிறது, பெரும்பாலும் அந்த மாடலின் அடுத்த மறுவடிவமும் வருகிறது, கையிலுள்ள காரின் மறுவிற்பனை மதிப்பும் சரிகிறது. மாதத் தவணையை மட்டும் பார்த்துக் காரின் விலைத் தகுதியைத் தீர்மானிப்பவர்கள் இந்த ஐந்தாம் ஆண்டைக் கணக்கில் எடுப்பதில்லை. ஏழாண்டுத் தவணையில் கட்ட முடியாத கார் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய கார் என்று கொள்வது இக்கட்டுரையின் பரிந்துரை. அப்படிப்பட்ட நிலையில் புதிய வியோஸைவிடப் புதிய சாகாவோ பெஸ்ஸாவோ கௌரவக் குறைவான தேர்வு அல்ல.

எரிபொருள் செலவு பலரும் நினைப்பதைவிடக் குறைவாகவே முடிவைப் பாதிக்கும். 2025 செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள மலேசியர் அனைவருக்கும் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 காசுக்குக் கிடைக்கத் தொடங்கியதால், நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் மிச்சம் பிடிக்கும் கார்கூட ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 300 ரிங்கிட் அளவிலேயே சேமித்துத் தரும். காப்புறுதியில் அதைவிடப் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் உயர்ந்து, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும் சந்தாக் கழிவு காருக்கு அல்ல, உரிமையாளருக்கே உரியது. பழைய காரை விற்கும்போது அதைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ள மறந்துவிடக் கூடாது.

புதிய வடிவம் வரும் செய்தி பரவியதும் பழைய வடிவத்தின் கடைசி இருப்புக்குத் தள்ளுபடி அறிவிக்கப்படும். மாற்றம் மேலடுக்கோடு நின்றிருந்தால் இந்தத் தள்ளுபடிக் கார் பெரும்பாலும் நல்ல பேரம். மாற்றம் அடியடுக்குவரை போயிருந்தால், தள்ளுபடித் தொகை பழைய காரின் மறுவிற்பனை இழப்பை ஈடுகட்டுமா என்று பார்க்க வேண்டும். பத்தாண்டுக்கு மேல் வைத்து ஓட்டும் குடும்பத்துக்கு மறுவிற்பனை அவ்வளவு பொருட்டல்ல. குறைபாடுகள் களையப்பட்டு முதிர்ந்த கடைசி ஆண்டு மாடலே அவர்களுக்கு ஏற்றது.

முன்பதிவுத் தொகை கட்டும்போது, கடன் கிடைக்காவிட்டால் அது முழுதும் திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். விற்பனையாளர் டிசம்பரில் அவசரப்படுத்தினால் காரணம் கேட்க வேண்டும். ஆண்டு மாறியதும் காரின் வயது ஒன்று கூடிவிடுகிறது, கிரான் என்று வழங்கும் பதிவுச் சான்றில் தயாரிப்பு ஆண்டும் இடம்பெறுகிறது, ஆகவே ஜனவரியில் பதிவாகும் கார் முந்தைய ஆண்டில் தயாரானதா என்பதைச் சரிபார்த்து, அப்படியானால் அதற்குரிய கழிவைக் கேட்க வேண்டும். காரைப் பெற்றுக்கொள்ளும் நேரம் இருட்டிய பிறகாகவோ மழையிலோ அமையக் கூடாது, ஏனெனில் பூச்சுக் கீறல்களும் நிற வேறுபாடும் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். முன்பதிவின்போது குறித்த வகைதானா, சொன்ன கருவிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு, நான்கு டயர்களின் பக்கச் சுவரில் அச்சிடப்பட்டுள்ள நான்கு இலக்க எண்ணையும், சாமான் பெட்டிக்கு அடியில் மாற்றுச் சக்கரம் இருந்தால் அதன் எண்ணையும் படிக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிப்பதால், கார் எத்தனை மாதம் கிடங்கில் நின்றிருக்கும் என்பதற்கான ஒரு குறிப்பு அதிலிருந்தும் கிடைக்கும்.